சிங்கிறால் மரம்

என்ன ஆராய்ச்சி என்று கேட்பவர்களிடம்
மரம் என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன்.
பணகுடிச் சந்தையில் கீரை விற்கும் பூரணம்
முருங்கை ஏன் பிஞ்சிலே வெம்புது என்று
ஆறு வருஷமாய்க் கேட்கிறாள்.
என் மரங்களில் பிஞ்சு கிடையாது.
புள்ளி, கோடு, அவ்வளவுதான்.
ஒரே கோடு தொட்ட புள்ளிக்கு இலை என்று பேர்.
அது அசையாது, உதிராது.

பதிவை நீட்டிக்கக் காரணம் எழுதச் சொன்னார்கள்.
முதல் தடவை பிரசவம் என்று எழுதினேன்.
இரண்டாம் தடவையும் பிரசவம்.
மூன்றாம் தடவை, தேற்றம்.
அதற்குத்தான் அலுவலகத்தில் விளக்கம் கேட்டார்கள்.

கம்பளிப்பூச்சி என்று ஒரு மரவகை:
ஒரு முதுகெலும்பு, அதில் ஒட்டிய இலைகள்.
அது இரண்டாம் அத்தியாயம்.
இலை இன்னும் ஒரு கணு தள்ளிப் போனால்
சிங்கிறால்.
அது மூன்றாம் அத்தியாயம்,
அதன் தலையில்தான் நான்கும் ஐந்தும்
உட்கார்ந்திருக்கின்றன.

பன்னிரண்டு முனையில் வரையக்கூடிய மரம்
ஐந்நூற்று ஐம்பத்தொன்று.
அதில் சிங்கிறால்களை மட்டும் பொறுக்கி
கல்லூரி ஆய்வகத்தில்
பிள்ளைகள் போன பிறகு ஓட்டிப் பார்த்தேன்.
ஒன்றுகூடப் பிசகவில்லை.
பதின்மூன்றை ஓட்டவில்லை.
நிறுவியாயிற்றே, பிறகென்ன.

பங்குனி மாதம், காற்று செத்த நேரம்.
ஆய்வுச் சுருக்கம் ஐந்து பிரதி மடியில்.
காவல்கிணறு விலக்கில் ஏறி
ஜன்னலோரம் கிடைத்த சந்தோஷத்தில்
சும்மா பார்த்துக்கொண்டு வந்தேன்.
காற்றாலைகள் நின்றிருந்தன,
ஒன்றுக்குப் பின் ஒன்றாக.
பஸ் நகர நகர
ஒரு கணம், ஒரே கணம்,
முன்னதன் நடுவும் பின்னதன் நடுவும்
ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன.
ஒரு புள்ளி. ஆறு கை.

கைக்கு இரண்டு கணு வைத்தால்
ஆறிரண்டு பன்னிரண்டு,
நடுவோடு பதின்மூன்று.

டிக்கெட்டின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன்.
கை நடுங்கியது ரோட்டினால் என்று நினைத்தேன்.
வள்ளியூரில் பஸ் நின்றபோதும் நடுங்கியது.
பொருந்தவில்லை.
திருப்பிப் போட்டும் பொருந்தவில்லை.

அழுகை வரும் என்று காத்திருந்தேன்.
பசிதான் வந்தது.
ஜன்னல் வழியே கடலைமிட்டாய் வாங்கினேன்.
ஒற்றுமைச் சோதனையில் ஏழு சதவீதம் வந்தபோது
மீதி தொண்ணூற்று மூன்றும் என்னுடையது என்று
வீட்டில் பீற்றிக்கொண்டேன்.
இந்தப் பிழை அந்தத் தொண்ணூற்று மூன்றில் இருந்திருக்கிறது.

நாங்குநேரி தாண்டி நெறியாளரைக் கூப்பிட்டேன்.
பியூலா என்னைவிட நான்கு வயது இளையவள்.
அறைக்குள் நான் அவளுக்கு மேடம் போடுவேன்,
போனில் அவள் எனக்கு அக்கா போடுவாள்.
சொன்னேன்.
அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் மட்டும்.
பேனா மூடி திறக்கும் சத்தம்.
"ஆமாக்கா. உடையுது."
பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை.
குழுக்கூட்டம் பதினோரு மணிக்கு,
வெளியூரிலிருந்து ஒருவர் ரயிலில் வந்திருக்கிறார்,
அவருக்கு இட்லி வாங்க ஆள் போயிருக்கிறது.
இதெல்லாம் அவளும் நினைத்திருப்பாள்.
"அஞ்சு கைக்குச் சரியா வருதுல்லா?
அப்போ ஏழு என்ன ஆவுது?
போட்டுப் பாத்தியளா?"

வேய்ந்தான்குளத்தில் இறங்கும்போது
ஏழு பொருந்தியிருந்தது.
அபிஷேகப்பட்டி பஸ்ஸில் நின்றுகொண்டே
எட்டை உடைத்தேன்.
ஒன்பதுக்கு முதல் மூன்று கை போட்டதும்
டிக்கெட்டில் இடம் தீர்ந்துபோனது.
ஆய்வுச் சுருக்கத்தில் கிறுக்க மனசில்லை,
பைண்டிங்குக்கு மட்டும் நானூறு ரூபாய்.

பேட்டை தாண்டிவிட்டது.
பக்கத்து சீட்டுக்காரர் மடியில்
நேற்றைய பேப்பர், பாதி மடித்தது.

"அண்ணாச்சி,
அந்த ஓரத்தை மட்டும் கொஞ்சம்
கிழிச்சுக்கிடட்டுமா?"