ஏழு பேர்ச்

சங்கிலியின் ஒரு முனை என் கையில்.
மறுமுனையோடு சரிவில் இறங்கினான் மருதவீரன்.

இங்கே தேயிலைக்கு உயரம் உண்டு:
ஐயாயிரத்து இருநூறு அடி,
பெட்டி மேலேயே அச்சடித்திருக்கும்.
லயத்துக்கு நம்பர் மட்டும்தான்.

கவ்வாத்து வெட்டிய மலை
கறுத்த குச்சியாய் நிற்க,
அப்புத்தளை வானம் வெளித்தது.
தெற்கே, கீழே கீழே, கடல்:
நகம் கீறிய வெள்ளைக் கோடு.
நாங்கள் வந்த கடல் அதில்லை.
அது வடக்கே, மலைக்குப் பின்னால்;
அங்கிருந்து நடந்து ஏறிய தூரத்தை
யாரும் அளக்கவில்லை.

கடைசி முளை இறங்கவில்லை. பாறை.
இரண்டடி தள்ளி அடித்தோம்.
எங்கள் எல்லைக்குள்
ஒரு தேயிலைச் செடி வந்துவிட்டது.
பிடுங்கட்டுமா என்றேன்.
அளவையாளர் குடையை மடக்கி,
"கம்பெனிக்கு எழுதிக் கேக்கணும்" என்றார்.
மருதவீரன் அதற்குள்
கொழுந்தைக் கிள்ளி
வாயில் போட்டிருந்தான்.