வேகம்: பூஜ்ஜியம்

ராயக்கோட்டை மேம்பாலத்துக்குக் கீழே
எங்கள் ஷெட்டுக்கு அந்த வெள்ளை ஸ்விஃப்ட் வந்தபோது
மாங்கூழ் ஆலைக்குப் போகிற லாரிகள்
வழியை அடைத்துக்கொண்டு நின்றன.

மீட்டரில் மஞ்சள் விளக்கு.
ஓசூரில் ஒருவர் சென்சாரை மாற்றினாராம்,
நாலாயிரத்து இருநூறு.
பதினோரு நாள் அணைந்திருந்ததாம்.

ஸ்டீயரிங்குக்கு அடியில் கைவிட்டுச் செருகினேன்.
ஸ்கேனர் கொஞ்சம் யோசித்தது.
பி-0171.

காற்று கூட, பெட்ரோல் கம்மி.
அவ்வளவுதான் சொல்லும்.
இதைச் சொல்கிறவன் புகைக்குழாய் ஓரம் உட்கார்ந்து
வெளியேறுவதை மோந்து பார்க்கிற ஆள்.
உள்ளே நடந்தது அவனுக்கும் தெரியாது.
சேதி கொண்டுவந்தவனைக் கழற்றிப் போட்டுவிட்டு
ஓசூரில் காசு வாங்கியிருக்கிறார்கள்.

"திரும்ப எப்போ எரிஞ்சுது மேடம்?"

ஜெசிந்தா மேடம், பட்டு வளர்ச்சித் துறை,
கைப்பை ஜிப்பைத் திறந்தார், மூடினார்.
"தொப்பூர் ஏத்தத்துல. நாலு பேர் இருந்தோம்."

ஏற்றம் என்றால் பம்ப்.
டேங்க்கை இறக்கணும், ஒரு நாள் வேலை, ஒன்பதாயிரம்.
முனிரத்தினம் ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்தேவிட்டான்.

ஆனால் ஸ்கேனரில் இன்னொரு பக்கம் உண்டு.
விளக்கு எரிந்த அந்த நொடியை
அப்படியே பிடித்து வைத்திருக்கும்.
பலர் திறப்பதில்லை. நானும் அவசரத்தில் விட்டதுண்டு.

தண்ணீர்ச் சூடு தொண்ணூற்றொன்று.
சுற்று எழுநூற்று நாற்பது.
வேகம் பூஜ்ஜியம்.

"மேடம், தொப்பூர் இல்ல."

சொல்லியிருக்க வேண்டாம் என்று
சொன்ன பிறகு பட்டது.
திரையைப் பார்த்தார். என்னை. திரும்பத் திரையை.
"டோல்கேட்டா இருக்கும்."

நான் வண்டியைப் பற்றி மட்டும் பேசினேன்:
எங்காவது சின்னப் பொத்தல் இருந்தால்
சும்மா நின்று மூச்சு விடும்போதுதான் தெரியும்,
விரட்டினால் தெரியாது,
நின்ற இடமா ஏறின இடமா என்பதில்
உங்களுக்கு எட்டாயிரம் வித்தியாசம்.

ஒரு லாரி ஹாரன் அடித்து ஓய்ந்தது.

"பர்கூர்ல ஒரு வீடு.
எதிர்ல நிறுத்தியிருந்தேன்.
வண்டிய அணைக்கல.
முக்கால் மணி நேரம்."
கொஞ்சம் பொறுத்து,
"இறங்கல."

முனிரத்தினத்திடம் சொன்னேன்,
பம்ப் வேணாம்டா, ஜாக்கியைக் கொண்டுபோ.

சலூன் கடையில் தலைக்குத் தண்ணீர் அடிப்பார்களே, அந்த பாட்டில்.
ஓடுகிற எஞ்சினில் குழாய் குழாயாய் அடித்துக்கொண்டு போனேன்.
ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை.
பிரேக் பூஸ்டருக்குப் போகிற குழாய் வளைகிற இடத்தில்
எஞ்சின் விக்கியது.
இன்னொரு தரம் அடித்தேன். விக்கியது.

எலிப் பல்.
பின்னால் அதன் குடித்தனம்:
மாங்கொட்டை நார், ஏதோ ரசீதின் கிழிசல்,
நுனி குடைந்த பட்டுக்கூடு ஒன்று.
அவர் ஆபீஸிலிருந்தே ஏற்றி வந்திருக்கிறார்.

குழாய் முந்நூற்று எண்பது, கூலி இருநூற்றைம்பது.
இருபத்துமூன்று சதவீதம் கூடுதலாய் ஊற்றிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர்
பதினெட்டு, பதினொன்று என்று இறங்கி
நாலில் நின்றது.
சந்தேகம் போகக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது அதற்கும்.

"கோடை அழிச்சிடவா மேடம்?"

"அழிச்சா அந்தப் பக்கமும் போயிடுமா?
அந்த பூஜ்ஜியம்?"

"போயிடும்."

"ஒரு நிமிஷம்" என்று செல்போனை எடுத்தார்.
பதினான்காம் நம்பர் ஸ்பேனரைத் தேடிக்கொண்டு
நான் ஷெட்டின் அந்தக் கோடிக்குப் போனேன்.
அது என் சட்டைப் பையிலேயே இருந்தது.

விளக்கு அணைந்தது.
பானெட்டுக்குள் ஒரு துண்டு புகையிலை கட்டி வைக்கச் சொன்னேன்.
ஒரே இடத்தில் நிறுத்திவைத்தால் எலி வரும் என்றும் சொன்னேன்.
"வரும்" என்றார்.

பாலத்தடியில் இண்டிகேட்டர் மினுக்கியது,
லாரி மறைத்துக்கொண்டது.

முனிரத்தினம் அந்தக் கூட்டைக்
காதருகே வைத்துக் குலுக்கிக்கொண்டிருந்தான்.