முப்பத்தெட்டு

"ஊதுங்க, ஊதுங்க, இன்னும்..."
தேவகோட்டைத் தடத்தில்
இருபத்தாறு வருசம் விசில் ஊதியவன் நான்.
தாளில் விழுந்தது முப்பத்தெட்டு சதவீதம்.

நெஞ்சைப் பிளந்தால் தாங்காது என்று
மதுரையில் கைவிரித்தார்கள்.
காரைக்குடியில் நாலு துளை போதுமாம்.

டாக்டர் மெய்யம்மை என்னைத் தொடவேயில்லையாம்.
மூலையில் ஒரு பெட்டிக்குள் முகம் புதைத்து
செருப்பைக் கழற்றி, மிதிகளில் கால் வைத்து
இயந்திரக் கைகளை உள்ளே ஓட்டினாராம்,
இடது நுரையீரலை நிறுத்திவைத்து
வலதில் மட்டும் என்னை ஓடவிட்டு.
"அப்ப ரைட் கொடுத்தது யாரு?" என்றேன்.
நர்ஸ் சிரித்தாள்.
என்னைச் சிரிக்க விலா விடவில்லை.

மூன்றாம் நாள்
பிளாஸ்டிக் கூண்டில் மூன்று பந்துகள்.
இழுக்கிறேன்.
ஒன்று எழுகிறது.
இரண்டாவது அசைந்து, யோசித்து, இறங்குகிறது.

செக்காலை ரோட்டில் எவனோ
நீளமாக ஊதிவிட்டுப் போகிறான்,
கஞ்சத்தனமே இல்லாமல்.