கடைசிப் பெயர்

மெரினா சவுத் துறையில் படகு ஏறுமுன்
பாதுகாவலர் நீட்டிய திரையில் இரண்டு கட்டங்கள்:
பெயர். கடைசிப் பெயர்.
இரண்டாவதை வெறுமையாய் விட்டால்
திரை சிவக்கும், மேலே நகராது.
எங்களில் அப்படியொன்று கிடையாது என்று
கண்ணாடித் துண்டிடம் எப்படிச் சொல்ல?
முதல் கட்டத்தில் குழலி.
அடுத்ததில், வழக்கம்போல்,
அப்பாவைத் தட்டி உள்ளே அனுப்பினேன்:
வைரக்கண்ணு.

இரவு பதினொன்று. கிழக்கு நங்கூரத் தளம்.
எண்ணெய்க்குக் காத்திருக்கும் கப்பல்கள்
கடலிலும் ஒரு புளோக் கட்டியதுபோல் விளக்கெரிய நிற்கின்றன.
நான் அளப்பவள்.
இப்போது மீட்டர் வந்துவிட்டது, ஆனாலும்
அளவுநாடாவைத் தொட்டிக்குள் இறக்காமல் கையெழுத்திடுவதில்லை.
காற்றை ஊதி, நுரைக்க வைத்து, நுரையையும் விற்பார்கள் சிலர்.
தொழிலில் அதற்குக் கப்புச்சினோ என்று பெயர்.
குமிழி வெடிக்கும் ஓசையில் ஆளைப் பிடித்துவிடுவேன்.
மாதிரிக்கு மூன்று போத்தல், மூன்றுக்கும் முத்திரை,
ஒட்டும் சீட்டில் என் கையால் ஒரே சொல்:
டீசல்.

பதினாறு வருடம் எழுதியிருக்கிறேன்.
உப்பு, தண்ணீர் போல
அதுவாக முளைத்த சொல் என்றுதான் இருந்தேன்.
போன மாதம், குழாய் மாட்டக் காத்திருந்த நேரம்,
பர்மாக்காரர் சோ மின் சொன்னார்:
"அது ஓர் ஆளோட கடைசிப் பெயர், தெரியாதா?"
இயந்திரம் கண்டுபிடித்தவராம்.
கடலை எண்ணெயிலும் அது ஓடிற்றாம்.
ஓரிரவு கப்பலேறிப் போனவர்
விடிந்தபோது அறையில் இல்லை.
படுக்கை கலையவில்லை.
தொப்பியும் மேலங்கியும் மட்டும் தளத்தில்.
"முதல் பெயர்?" என்று கேட்டேன்.
சோ மின் கொஞ்ச நேரம் அலையைப் பார்த்தார்.
நினைவில்லை என்றார்.

அதற்குப் பிறகு போகிற இடமெல்லாம் அந்த மனிதர்.

துவாஸ் சாலையில் விடியுமுன்
தொழிலாளர்களைப் பின்னால் உட்காரவைத்துப் போகிற லாரி.
தலைகள் ஒன்றன்மேல் ஒன்றாய்த் தூங்கி விழ
கீழே தொட்டி மூடியில் அவர் பெயர், கூடவே "மட்டும்".

தேசிய சேவையின் முதல் மாதச் சம்பளத்தில்
அக்கா மகன் வாங்கிய ஜீன்ஸ்.
முழங்கால் கிழிந்தே வந்தது, விலை கேட்டு அக்காவுக்கு நெஞ்சுவலி.
இடுப்பில், தோல் பட்டையில், அவர்.

துறை உணவங்காடியில்
பாலும் சீனியும் இல்லாத கோப்பி ஓ கொசோங்கை
எங்கள் ஆட்கள் கேட்பது அந்தப் பெயரில்தான்.
காப்பிக்கடை ஆன்ட்டி முகம் சுளிக்காமல் ஊற்றுவாள்.

பிறகு, ஏழாம் மாடி ஹோக் லியோங்கின் நாய்.
கட்டுமானத் தளத்தில் பிறந்து காப்பகத்தில் வளர்ந்த கறுப்பு.
மின்தூக்கியில் என் காலணியை முகர்ந்தால்
முகம் முழுக்க மரியாதை.
என்மேல் ஏறியிருக்கும் வாடை அப்படி.
"டீசல்" என்றேன் ஒருநாள், மெல்ல, சும்மா.
காதை நிமிர்த்தித் திரும்பியது.
இவ்வளவு பொருள்களில்
கூப்பிட்டதும் திரும்பியது அது ஒன்றுதான்.

அப்பாவுக்குக் கடல் ஆகாது.
செந்தோசாவுக்கே பாலம் போட்டபின்தான் போனார்,
அதுவும் பேருந்தில் நடு இருக்கையில், கண்ணை மூடிக்கொண்டு.
இந்நேரம் புக்கிட் பாஞ்சாங்கில்
தொலைக்காட்சியை அணைக்காமல் தூங்கியிருப்பார்.

இங்கே குழாய்
விழுங்குகிற தொண்டைபோல் ஏறி இறங்குகிறது.
இருநூறு டன் போய்விட்டது. இன்னும் எண்பது.
கயிற்றேணி ஆடுகிறது.
மேலே, கம்பித் தடுப்பில் சாய்ந்தபடி
தலைமைப் பொறியாளர் ரசீதை விசிறிக் கத்துகிறார்,
என் அப்பாவின் பெயரை
மணிலா நாக்கில் நீட்டி, உடைத்து, காற்றோடு சேர்த்து:
"மிஸ் வைராகானூ!
மிஸ் வைராகானூ!"

பேனாவைத் தேடிக்கொண்டே
திரும்பிப் பார்க்கிறேன்.