மூன்று வாய்

பாயான் லெப்பாஸ், இரவு ஒன்பதே கால்.
ஏர்கோன் நின்றுவிட்டது,
கட்டடத்துக்கு வேலை முடிந்தது.

கெர்னல் சோதனை தோற்றால்
அதைச் சொல்ல மூன்று வாய்கள்:
ஒன்று திரைக்கு,
ஒன்று பதிவேட்டுக்கு,
மூன்றாவது
இரண்டையும் கூப்பிட மட்டும்.

எவன் எழுதியது என்று தேடினால்
என் பெயர்தான்,
ஆறு வருடத்துக்கு முன்.

அழித்தேன்.
இனி ஒரே வாய்.
எத்தனை இடம் தள்ளி எழுதுவதென்று
அதுவே எண்ணிக்கொள்ளும்.

ஓடவிட்டேன்.
“பதினான்கு: சரியில்லை.”

இத்தனை நாள் பதினொரு வரியில் புலம்பியது
இதைத்தானா?

மாற்றத்துக்குக் காரணம் எழுத உட்கார்ந்தேன்.
கழித்தது இருபத்து மூன்று வரி, கூட்டியது நான்கு.
விளக்கமோ
ஒரு பக்கத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறது.

கீழே காரில் குமுதவல்லி.
ஒரே ஒரு ஹார்ன்.