பச்சையை ஆடு தின்றது

அரிசிக்குச் சாயம் ஏற்றலாம் என்றார் டீச்சர்.
நான் ஒத்துக்கொள்ளவில்லை.
இருப்புப் பதிவேட்டில்
காவியாக இரண்டு கிலோ, பச்சையாக இரண்டு கிலோ என்று
யார் எழுதுவது?
இந்த அங்கன்வாடியில் சமைப்பவள் நான்.
கூட்டுவதும் நான்தான்.

ஆகஸ்ட் பதினாலு. தேன்கனிக்கோட்டையில்
மூன்று நாளாக ஊசித் தூறல்.
தொட்டு உணரும் விளையாட்டு, மூன்று வண்ணம்,
மதியத்துக்குள் படம் ஏற்ற வேண்டும் என்று
டீச்சர் போனுக்கு உத்தரவு வந்திருந்தது.

செண்டுமல்லி விலை இறங்கி
தளி ரோட்டோரம் கொட்டிக் கிடந்தது.
ஒரு சாக்கு அள்ளிவந்தேன். அது காவி.
வெள்ளைக்குக் கல்லுப்பு.
பச்சைக்கு, கட்டு இரண்டு ரூபாய்க்கு வந்துவிட்ட
கொத்தமல்லி.
நீலத்துக்குத்தான் யோசித்தோம்.
வேலியில் சங்குப்பூ இருந்தது.
கொதிக்க வைத்து, இறுத்து, தட்டில் ஊற்றி
பேக்கரிக்காரர் ஐஸ் பெட்டியில்
ராத்திரி முழுக்க வைத்தோம்.
காலையில் வட்டமாக ஒரு நீலம் வந்தது,
பன் வாசனையோடு.

பதினேழு பிள்ளைகள்.
பூவுக்குள் முழங்கை வரை விட்டாள் நாகவேணி.
ருக்சார் கொத்தமல்லியை மோந்து
"பிரியாணி" என்றாள்.
உப்பில் உட்கார்ந்தேவிட்டான் ஹரிதேஜா.
எழுந்து, டவுசரைத் தட்டி,
மறுபடியும் உட்கார்ந்தான்.
ஐஸைத் தொட்ட ஒருத்தி சல்லகா என்று கத்த,
இன்னொருவன் தண்ணகெ என்றான்,
ருக்சார் டண்டா என்றாள்,
நான் சில்லுனு என்றேன்.
கையை இழுத்துக்கொண்ட வேகம் மட்டும்
எல்லாருக்கும் ஒன்று.

மாருதி வரவில்லை.
அவன் கைகள் எப்போதும் அக்குளுக்குள் இருக்கும்.
சோற்றைத் தொடமாட்டான், மண்ணைத் தொடமாட்டான்,
தலை குளித்த ஈரத்தோடு வந்தால்
அம்மாவையும் தொடமாட்டான்.
ரோஜாப் பண்ணையில் பூ வெட்டுகிறாள் அவள்.
விரலெல்லாம் பிளாஸ்திரி.
"ஊட்டி விட்ருங்கக்கா" என்று
வேனுக்கு ஓடும்போதே சொல்லிவிட்டுப் போவாள்.

கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹரிதேஜா ஒரு பிடி உப்பை
ஐஸின் மேல் கொட்டினான்.
ஐஸ் பேசியது.
கிறுக், கிறுக், பிறகு மெல்ல ஒரு டிக்.
எண்ணெயில் விழுந்த கடுகு
வெடிப்பதா வேண்டாமா என்று
யோசிக்குமே, அப்படி.
அந்தக் கூச்சலில் எங்களில் யாருக்கும் கேட்கவில்லை.
மாருதிக்குக் கேட்டிருக்கிறது.
கைகள் அக்குளுக்குள் இருந்தபடியே வந்தான்,
மண்டி போட்டான்,
காதை வைத்தான் ஐஸின் மேல்.
கொஞ்சம் கழித்து
கன்னத்தையும்.

டீச்சர் வாயைத் திறந்தார்.
அவர் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.
எவ்வளவு நேரமோ தெரியாது.
உள்ளே பருப்பு பொங்கி வழிந்து
அடுப்பு அணைந்திருந்தது.

எழுந்தபோது அவனுக்கு ஒரு பக்கக் கன்னம் நீலம்.
யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

இதற்குள் பின்வாசல் வழியாக ஆடு வந்து
பச்சையைத் தின்றுவிட்டுப் போயிருந்தது.
பூவும் உப்பும் நீலத் தண்ணீரும் கலந்து
களிக்குக் கரைத்த கேழ்வரகு நிறத்தில்
தரையெல்லாம் ஓடியது.
அதைத்தான் படம் எடுத்து ஏற்றினோம்.
மேற்பார்வையாளர் அம்மா கூப்பிட்டு
"பச்சை எங்கே?" என்றார்.
டீச்சர் உண்மையைச் சொன்னார்.
அந்தப் பக்கம் ரொம்ப நேரம் பேச்சில்லை.

மறுநாள் தூறல் விட்டிருந்தது.
கொடி அவிழ்ந்து பூ உதிர,
பிள்ளைகள் பொறுக்க ஓடினார்கள்.
வார்டு மெம்பர் மிட்டாய்ப் பொட்டலத்தைப்
பல்லால் கிழித்துக்கொண்டிருந்தார்.
மாருதியைக் காணோம் என்று தேடினேன்.
கம்பத்தடியில் நின்றிருந்தான்,
இரும்புக் குழாயில் காதை ஒட்டி.
கைகள் எங்கே இருந்தன என்று
அந்த அவசரத்தில் நான் பார்க்கவில்லை.

எல்லாரும் போன பிறகு
துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு
அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு
நானும் காதை வைத்தேன்.
மேலே கயிறு காற்றில் அடித்துக்கொள்ள
குழாய்க்குள்
டங்... டங்...
அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா.
அப்புறம் டங்.