பிந்தினது பெருத்து வரும்

பெருமாள்புரம், மாடி அறை.
திரையில் கடலடிக் குழாய்,
எழுபது கிலோமீட்டர்.
பள்ளத்தில் எண்ணெய் தேங்கும்,
பின்னால் வாயு மூச்சுப் பிடித்து நிற்கும்.
எப்போது தள்ளும்?
அதைச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

நூற்றுப்பத்து நிமிடம் என்றேன்.
நூற்று நாற்பதில் வந்தது.
பிந்தினது பெருத்து வரும்;
மேடையில் கலன் நிரம்பி
அபாயமணி.

விளக்கக் கடிதம் பாதியில் நிற்க
கீழே நல்லி இருமியது.
காற்று. ஒரு துப்பல். மறுபடி காற்று.
மூன்று நாள் கழித்துத் தாமிரபரணி
கொக்கிரகுளத்திலிருந்து மேடேறுகிறது.

"எப்பம் வரும்? குழாய்க்குத்தான படிச்சிருக்கிய?"
பேராச்சி கேட்டாள்,
இடுப்பில் கைவைத்து.

இருமலை எண்ணினேன்.
இடைவெளி நீண்டுகொண்டே போனது.
"குடத்தை எடுத்துராதீங்க" என்றேன்.

எடுத்தாள்.

அப்போதுதான் வந்தது,
என் சட்டை முழுக்க.